மகளிர் கூடுகைகளும் தாய்மையின் மெய்நிலையும்

மகளிர் முன்னேற்றம் பற்றிப் பேசாத திருச்சபை இன்று அரிது. மார்ச்சு மாதத்து முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப நாள். அம்மாதம் 8ஆம் நாள் உலக மகளிர் நாள். மே மாதத்து இரண்டாம் ஞாயிறு அன்னையர் நாள். இடையிடையே பெண்கள் ஐக்கிய சங்கத்தின் மாதக் கூட்டங்கள், குருசேகர முகாம்கள், மண்டல மாநாடுகள். 'ஆற்றல்படுத்துதல்' என்னும் சொல் இவற்றின் அழைப்பிதழ்களில் தவறாது காணப்படுகிறது. இக்கூடுகைகளைக் குறைத்துப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாலு பேர் முன் வாய் திறந்தறியாத பெண்கள் பலர் முதன்முதலாக ஒலிபெருக்கியின் முன் நின்று ஜெபித்ததும், வரவு செலவுக் கணக்கு வாசித்ததும், தீர்மானம் முன்மொழிந்ததும் இத்தகைய கூட்டங்களிலேதான். ஆயினும் வந்திருப்போரை எண்ணி மகிழ்வதோடு நின்றுவிடலாகாது. வர இயலாதவர் யார், அவர் ஏன் வர இயலவில்லை என்னும் வினாவையும் எழுப்பவேண்டும். படப்பை வட்டாரத்தை முன்வைத்து இவ்வினாவைச் சற்று ஆராய்வோம்.

குரல் எட்டும் தொலைவு

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரகடத்தை எட்டுமுன் அமைந்துள்ளது படப்பை. ஒரு தலைமுறைக்கு முன்னர் இப்பகுதி ஏரிப்பாசனத்தை நம்பிய நெல் வயல்களால் வாழ்ந்தது. நடவும் களையெடுப்பும் பெண்களின் தொழில். நடவுக்குச் சென்ற தாய் வரப்போரத்து மரக்கிளையில் தூளி கட்டிக் குழந்தையைக் கிடத்துவாள். அழுகுரல் கேட்டால் கரையேறிப் பாலூட்டுவாள். அவ்வாழ்வு இனிமையானது என்று எவரும் மயங்கவேண்டாம். கூலி குறைவு, சாதி இழிவு மிகுதி, பிள்ளைச் சாவும் மிகுதி. ஆனால் தாயும் சேயும் ஒருவர் குரலை மற்றவர் கேட்கும் தொலைவில் இருந்தனர். பின்னர் வந்த தொழில் மாற்றம் வேறு பல நன்மைகளைக் கொணர்ந்தபோதிலும், இந்தத் தொலைவை மட்டும் நீட்டிவிட்டது.

மாற்றம் படிப்படியாக வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998ஆம் ஆண்டில் கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா தொழிலகம் திறக்கப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது; அதனைத் தொடர்ந்து லாரி, மோட்டார் சைக்கிள், உதிரிப்பாகங்கள் செய்யும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. கார் ஆலைகள் பெரும்பாலும் ஆண்களையே நாடின. மின்னணுப் பொருள்களைப் பொருத்தும் ஆலைகளோ இளம்பெண்களை நாடின. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருந்தனர் என்று 2019–20ஆம் ஆண்டுத் தொழிலகக் கணக்கெடுப்பு காட்டிற்று. இஃது எளிதில் கடந்து செல்லத்தக்க செய்தியன்று. தன் பெயரில் வங்கிக் கணக்கும் மாதச் சம்பளமும் உடைய பெண், ஒரு கூடுகையிலும் கலந்துகொள்ளாமலே தன் வீட்டில் பேசும் உரிமை பெறுகிறாள். கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்கும் பெண்பிள்ளைகளைக் காணும் எவரும் இதனை மறுக்கமாட்டார்.

ஆனால் அவ்வரிசையில் நிற்போரின் வயதைக் கவனிக்கவேண்டும். பதினெட்டு முதல் இருபத்துநான்கு, இருபத்தைந்து வரை உள்ளவர்களே மிகுதி. அதற்கு மேல் அவர்கள் எங்கே போகிறார்கள்?

மணமும் வாயிற்கதவும்

இதற்குரிய விடை 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உலகச் செய்தியாயிற்று. திருப்பெரும்புதூரில் ஐபோன் பொருத்தும் பாக்ஸ்கான் ஆலையில், பொருத்து வரிசை வேலைக்கு மணமான பெண்களை ஒதுக்கும் வழக்கம் இருந்ததென ராய்ட்டர் செய்தி நிறுவனம் புலனாய்ந்து வெளியிட்டது. மணமானவளுக்குக் குடும்பப் பொறுப்பு மிகுதி, கருவுறுவாள், விடுப்பு எடுப்பாள், அவள் அணியும் நகைகள் உற்பத்திக்கு இடையூறாகும் என்பவை காரணங்களாகக் கூறப்பட்டனவாம். நிறுவனம் தான் பாகுபாடு காட்டுவதில்லை என மறுத்தது. 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி மைய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. ஆலைக்கு வந்த அதிகாரிகளிடம் நிறுவனமே அளித்த கணக்கின்படி, அங்குப் பணியாற்றிய 33,360 பெண்களுள் மணமானவர் 2,750 பேர். அதாவது நூற்றுக்கு 8 பேர் அளவே. அச்சட்டம் ஆண், பெண் என்னும் வேற்றுமையைத் தடுத்ததேயன்றி, மணமான பெண், மணமாகாத பெண் என்னும் வேற்றுமையை வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை. அந்த இடைவெளியில்தான் இவ்வழக்கம் ஒளிந்துகொண்டது.

இவ்விடத்தில் ஆயர்களாகிய நாம் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். அந்நகைகளுள் தாலியும் ஒன்று. பீடத்தின் முன் ஜெபித்து மணமகன் கையில் நாம் எடுத்துக் கொடுக்கும் அதே தாலி, தொழிற்சாலையின் வாயிற்கதவில் ஒரு தடையாகிறது. மண ஆராதனையில் நாம் வழங்கும் ஆசீர்வாதம் அப்பெண்ணின் பொருளியல் வாழ்வில் ஒரு பணிநீக்க ஆணையைப் போல் வேலை செய்யுமாயின், அதைப்பற்றித் திருச்சபை ஒரு சொல்லும் சொல்லாதிருப்பது எங்ஙனம்?

ஒரு நிறுவனத்தின் குற்றமாக மட்டும் இதனைக் கொள்வதும் தவறு. நெடுநேரம் நின்றவாறே வேலை, மாறி மாறி வரும் ஷிப்டு, மணிக்கு இத்தனை என்னும் உற்பத்தி இலக்கு ஆகியவை அமைந்த வேலை முறையே, பொறுப்பு ஏதுமற்ற இளம் உடலை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. வல்லம் வடகாலில் ரூ. 706.50 கோடி செலவில் 18,720 பெண்கள் தங்கத்தக்க பெரும் விடுதி 2024 ஆகஸ்டு 17 அன்று திறக்கப்பட்டது. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனை சேர்ந்ததையும், அதனை எதிர்த்து அப்பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்ததையும் நினைவில் கொண்டோர் இவ்விடுதியை வரவேற்றேயாகவேண்டும். ஆயினும் அதுவும் தனித்து வாழும் தொழிலாளியை எண்ணிக் கட்டப்பட்டதே. தொட்டிலுக்கு இடம் எங்கே என்னும் கேள்வி அதனால் தீரவில்லை.

யாக்கோபு ஏசாவிடம் கூறிய மறுமொழி ஈண்டு நினைவுக்கு வருகிறது. சேர்ந்து பயணம் செய்வோம் என்று அண்ணன் அழைத்தபோது, பிள்ளைகள் இளைஞர், மந்தையிலோ பால் கொடுப்பவை உள்ளன, ஒருநாள் விரைந்து ஓட்டினாலும் அவை மாண்டுபோகும், ஆகவே அவற்றின் நடைக்கு ஏற்ப மெல்ல வருவேன் என்றான் (ஆதி. 33:13, 14). அண்ணனைத் தட்டிக்கழிக்கவே இவ்வாறு சொன்னான் என்பாரும் உளர். அவன் சேயீருக்குப் போகவில்லை என்பதும் உண்மையே. சாக்காகவே சொல்லியிருப்பினும், ஏசா அதனை ஏற்றுக்கொண்டான். பால் கொடுப்பவற்றின் நடையே பயணத்தின் வேகத்தை வரையறுக்கும் என்பது மேய்ப்பர் இருவருக்கும் தெரிந்த பொது அறிவாயிருந்தது.

கூடுகை சொல்வதும் சொல்லாததும்

பெண்ணுரிமை பற்றிய உலகளாவிய பேச்சில் தாய்மை மறக்கப்பட்டது என்று சிலர் குறைகூறுவர். அது முற்றிலும் சரியன்று. ஐக்கிய நாடுகள் 1975ஐ மகளிர் ஆண்டாக அறிவித்தபின், 1979இல் நிறைவேறிய பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் உடன்படிக்கை, மகப்பேற்றை ஒரு சமூகப் பணியாக உணர்த்தவேண்டும் என்றும், பிள்ளை வளர்ப்பு தாய் தந்தை இருவருக்கும் பொதுப் பொறுப்பு என்றும் கூறுகிறது. இந்தியா 1993இல் அதனை ஏற்றது. உலகத் திருச்சபைகளின் மாமன்றமும் 1988 முதல் 1998 வரை பெண்களோடு திருச்சபைகள் தோழமை கொள்ளும் பத்தாண்டினைக் கொண்டாடிற்று. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய சுயஉதவிக் குழுக்கள் நம் ஊர்ப் பெண்களுக்குச் சேமிப்பையும் கடனையும் கற்பித்தன. கருத்தளவில் குறைவில்லை.

நம் கூடுகைகளில் நிகழ்வதோ வேறு. முற்பகல் அமர்வில் பெண் தன் காலில் நிற்கவேண்டும் என்று ஒரு பேச்சாளர் முழங்குகிறார். பிற்பகல் அமர்வில் தாயின் தியாகம் பற்றி வேறொருவர் உருகுகிறார். இரண்டிற்கும் கைதட்டல் கிடைக்கிறது. முற்பகலில் கூறப்பட்டதைச் செய்யும் பெண் பிற்பகலில் கூறப்பட்டதை எந்த நேரத்தில் செய்வாள் என்பது மட்டும் எந்த அமர்விலும் கேட்கப்படுவதில்லை. 2019ஆம் ஆண்டு நாடளாவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடம். பிள்ளையைப் பேணும் நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு. ஷிப்டு முடித்துத் திரும்பும் பெண்ணுக்கு இந்த 299 நிமிடங்களில் எதுவும் குறைவதில்லை; உறக்கமே குறைகிறது.

அன்னையர் நாளில் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம் தவறாமல் வாசிக்கப்படுகிறது. இருட்டோடே எழுந்து, இரவில் விளக்கணையாமல் உழைக்கும் குணசாலியான பெண்ணைப் பிரசங்கியார் புகழ்ந்துரைக்கிறார். அவளுக்கு வேலைக்காரிகள் இருந்தனர் என்று 15ஆம் வசனம் தெளிவாகச் சொல்லியிருந்தும், அவ்வசனத்தில் பிரசங்கம் நிற்பதில்லை. அந்த வேலைக்காரிகளுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள் அல்லவா?

அதே நாளில் தாய்மாரை எழுந்து நிற்கச் சொல்லிப் பூக்கொடுக்கும் வழக்கமும் பல சபைகளில் உண்டு. அப்போது அமர்ந்தே இருக்கவேண்டிய சகோதரிகள் உளர். பிள்ளைப்பேறு வாய்க்காதவர், கருச்சிதைவுற்றவர், பெற்று இழந்தவர், மணமாகாதவர் ஆகியோருக்கு அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு நீளமானது என்பதை அவர்கள் முகம் காட்டும். இவ்விழா தோன்றிய கதையை அறிந்தால் இவ்வழக்கத்தின் பொருத்தமின்மை விளங்கும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா என்று இன்று வழங்கும் பகுதியில், 1850களில் ஆன் ஜார்விஸ் என்னும் அம்மையார் தாய்மார் கழகங்களை அமைத்தார். அவர் பெற்ற பிள்ளைகளுள் நால்வரே வளர்ந்து ஆளாயினர். பிள்ளைச்சாவைக் குறைக்க, பாலையும் நீரையும் தூய்மையாய் வைக்கும் முறையைக் கற்பிப்பதும், நோயுற்ற தாய்மாரின் வீட்டிற்கு வேலைக்கு ஆள் அமர்த்திக் கொடுப்பதும் அக்கழகங்களின் பணி. அவருடைய நினைவாக மகள் அன்னா ஜார்விஸ் 1908 மே 10 அன்று கிராப்டன் நகர மெதடிஸ்டு ஆலயத்தில் வழிபாடு நடத்தச் செய்தார். 1914இல் அது நாடளாவிய விழாவாயிற்று. அந்த மகள் மணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளையும் இல்லை. தாம் தொடங்கிய நாள் பூவியாபாரமாகவும் வாழ்த்து அட்டை வியாபாரமாகவும் மாறியதை எதிர்த்து அவர் பிற்காலம் முழுவதும் போராடினார். நோயுற்ற தாயின் வீட்டிற்கு ஆள் அனுப்பிய கழகத்திலிருந்து, நின்று பூவாங்கும் விழாவரை வந்த வழி நெடிது.

சட்டம் தருவது

நம் கூடுகைகளில் சட்டம் பற்றிய அமர்வு பெரும்பாலும் சொத்துரிமையோடும் வரதட்சிணைத் தடையோடும் முடிந்துவிடுகிறது. பேறுகாலச் சட்டம் சுருக்கமாயினும் தெளிவாகச் சொல்லப்படவேண்டும்.

1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம், முதல் இரு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு என்று 2017இல் திருத்தப்பட்டது. மூன்றாம் பிள்ளைக்கு 12 வாரம். முந்திய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். பணிக்குத் திரும்பியபின் பிள்ளைக்குப் பதினைந்து மாதமாகும்வரை நாள்தோறும் இருமுறை பாலூட்ட இடைவேளை உண்டு. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக் காப்பகம் அமையவேண்டும். தாய் நாளில் நான்கு முறை அங்குச் சென்று வரலாம். இவ்விதிகள் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகால நலன் உண்டென உச்சநீதிமன்றம் தில்லி மாநகராட்சி வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வந்த நாள் மார்ச்சு 8 என்பது தற்செயலாயினும் நினைவில் கொள்ளத்தக்கது. ஒப்பந்தக் காலம் முடிவதனாலேயே அந்நலன் முடிந்துவிடாது என்று 2023இலும், பேறுகால விடுப்பு மகப்பேற்று உரிமைகளின் ஒரு கூறு என்று, நம் மாநிலத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் 2025 மே மாதத்திலும் அந்நீதிமன்றம் கூறிற்று.

இதில் பலருக்கும் தெரியாத செய்தி ஒன்றுண்டு. பெண்களை அமர்த்தினால் பேறுகாலச் சம்பளம் முதலாளியின் தலையில் விழும், ஆகவே அவர்கள் தயங்குவது இயல்பே என்று படித்தவரும் சொல்லக் கேட்கிறோம். மாதச் சம்பளம் குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்ட தொழிலாளி ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்க்கப்படுகிறார், அவ்வரம்பு 2017 சனவரியில் ரூ. 21,000 ஆக உயர்த்தப்பட்டது. அத்தகைய பெண்ணின் 26 வாரப் பணத்தை ஈ.எஸ்.ஐ. நிதியே தருகிறது. அந்நிதிக்கு முதலாளிகளும் ஆண், பெண் என்ற வேறுபாடின்றித் தொழிலாளர் அனைவரும் பங்களிக்கின்றனர். ஆகவே பொருத்து வரிசைப் பெண்ணைப் பொறுத்தமட்டில் சம்பளச் சுமை என்னும் வாதம் நிற்பதில்லை. எஞ்சுவது, பழகிய கை ஆறுமாதம் வாராதே என்னும் கவலை. அதற்கு மாற்று ஆள் பயிற்றலே விடை, மணமாகாதவளைத் தேடுவதன்று.

நடைமுறையில் இவ்வுரிமை கைக்கு எட்டாமற் போவது பெரும்பாலும் மறுப்பினால் அன்று, வேலைக்காலத்தின் துண்டிப்பினால். ஒப்பந்தக்காரர் மாறுவார், பயிற்சியாளர் என்னும் பெயரில் அமர்த்துவார்கள், சில மாதம் இடைவெளி விட்டுப் புதுச்சீட்டு எழுதுவார்கள். ஈ.எஸ்.ஐ. நலன் பெற, முந்திய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருக்கவேண்டும். ஆகவே சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவதும், ஈ.எஸ்.ஐ. எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்வதும், வேலையைத் தானாக விட்டதாக எழுதிக்கொடுக்குமுன் படித்தவர் ஒருவரிடம் காட்டுவதும் ஒவ்வொரு பெண்ணும் அறியவேண்டியவை. இதனை ஒரு மாதக் கூட்டத்தில் அரைமணி நேரத்தில் சொல்லிவிடலாம்.

எந்தச் சட்டத்திலும் அடங்காத பெண்களுக்குத் தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேற்று உதவித்திட்டம் உண்டு. அது 2018இல் ரூ. 18,000 ஆக உயர்த்தப்பட்டது. மாநில அரசுப் பணியிலுள்ள பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் பேறுகால விடுப்பு ஓராண்டு. ஒரே ஆலயத்தில், ஒரே பாயில் அமரும் மூன்று தாய்மாருள் ஒருத்திக்கு ஓராண்டு, ஒருத்திக்கு ஆறு மாதம், வீட்டு வேலை செய்யும் மற்றொருத்திக்கு உதவித்தொகை மட்டுமே, விடுப்பே இல்லை. தாய்மையைப் பற்றிப் பொதுவாகப் பேசும்போது யாருடைய தாய்மையைப் பேசுகிறோம் என்று கேட்டுக்கொள்வது நலம்.

உடலைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் பேறுகாலச் சாவு பெரிதும் குறைந்துள்ளது. 2018–20ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 54, இந்தியச் சராசரி 97. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகால உதவியின்றி மாண்டதைக் கண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவம் பயிலப் புறப்பட்ட காலத்திலிருந்து நாம் வெகுதூரம் வந்திருக்கிறோம். ஆனால் 2019–21ஆம் ஆண்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 15 முதல் 49 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 53 பேர் குருதிச்சோகை உடையவர் என்றும், பிறப்புகளுள் நூற்றுக்கு 45 அறுவையால் நிகழ்ந்தன என்றும் கூறுகிறது. வயிற்றில் தையலோடும் குருதிக் குறைவோடும் இரவு விழித்துப் பாலூட்டும் ஒருத்தியிடம் நாம் தியாகத்தைப் பற்றிப் பேசுகிறோம். அவளுக்கு அன்று தேவை இரண்டு மணிநேர உறக்கம்.

அன்னாள் போகவில்லை

அன்னாளைப் பற்றிப் பிரசங்கம் கேளாத கிறிஸ்தவப் பெண் இருக்கமாட்டாள். சீலோவில் அவள் அழுது ஜெபித்ததும், ஏலி அவளைத் தவறாக எண்ணியதும், அவள் பிள்ளையைக் கர்த்தருக்குக் கொடுத்ததும் அனைவருக்கும் மனப்பாடம். இவற்றிற்கு நடுவே உள்ள மூன்று வசனங்களில் (1 சாமு. 1:21–23) பெரும்பாலோர் நிற்பதில்லை. எல்க்கானா குடும்பத்தாரோடு ஆண்டுப் பலி செலுத்தச் சீலோவுக்குப் புறப்படுகிறான். அன்னாள் போகவில்லை. பிள்ளை பால்மறக்கும்வரை வரமாட்டேன் என்று கணவனிடம் சொல்லுகிறாள். அவனோ, உனக்கு எது நலமாகத் தோன்றுகிறதோ அதைச் செய் என்கிறான்.

அக்காலத்தில் பால்மறக்கும் பருவம் நம் நாள்களைவிட நீண்டது. மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரு தாய் மூன்றாண்டு பாலூட்டியதாகச் சொல்லுகிறாள். அவ்வாறாயின் அன்னாள் இரண்டு மூன்று ஆண்டுகள் சீலோவின் கூடுகைக்கு வரவில்லை. ஜெபத்தினாலேயே பெயர் பெற்றவள், ஜெபம் கேட்கப்பட்ட இடத்திற்கே வரவில்லை. திருமறை அவளைக் குறைகூறவில்லை. ஆண்டில் மூன்று முறை ஆண்டவர் முன்னிலையில் காணப்படவேண்டும் என்னும் கட்டளை ஆண்மக்களுக்கே இடப்பட்டது (உபா. 16:16). இதனைப் பெண்களுக்கு இழைத்த அவமதிப்பு என்று மட்டும் கொள்வது வழக்கம். பாலூட்டுபவளைச் சாலையில் நடத்தாத இரக்கமும் அதில் இருந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

இவ்வாறு சொல்வதில் ஓர் அபாயம் உண்டென்பதை மறைப்பதற்கில்லை. பார்த்தீர்களா, வேதமே தாய் வீட்டில் இருக்கவேண்டும் என்கிறது என்று உடனே எடுத்துக்கொள்வோர் நம்மிடையே உளர். அவர்கள் வசனத்தை மீண்டும் வாசிக்கட்டும். போகாமலிருப்பதென்று தீர்மானித்தவள் அன்னாள்; எல்க்கானா அல்லன், ஏலி அல்லன். எத்தனை காலம் என்பதையும் அவளே வரையறுத்தாள். காலம் முடிந்ததும் காளையோடும் மாவோடும் திராட்சரசத்தோடும் அவளே போனாள். போய் நின்று, பலவான்களின் வில் முறிவதையும் எளியவன் குப்பையிலிருந்து உயர்த்தப்படுவதையும் பாடினாள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் மரியாள் பாடிய பாட்டிற்கு வித்து அப்பாட்டே. இரண்டு மூன்று ஆண்டுகள் கூட்டத்திற்கு வாராதவள் வந்தபோது அதுபோல் பேசியவர் அக்கூட்டத்தில் வேறெவரும் இல்லை. படப்பையில் வேலையை விட்ட தாய்க்கு இல்லாதவை இவையே: தீர்மானிக்கும் உரிமை, காலவரையறை, திரும்பி வர இடம்.

யாத்திராகமத்தில் வரும் யோகெபேத்தின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. நாணற்பெட்டியிலிருந்து எடுத்த பிள்ளையை வளர்க்கப் பார்வோனின் குமாரத்தி ஒரு பால்தாயைத் தேடுகிறாள். தமக்கை ஓடிப்போய்ப் பெற்ற தாயையே அழைத்துவருகிறாள். பார்வோனின் குமாரத்தி அவளுக்குச் சம்பளம் பேசுகிறாள் (யாத். 2:9). தன் பிள்ளைக்குத் தானே பாலூட்ட ஊதியம் பெற்றவள் யோகெபேத். அவள் அதனை மறுத்ததாகத் திருமறை கூறவில்லை. பேறுகாலச் சம்பளத்தைச் சலுகை என்றும், வேலை செய்யாமல் வாங்கும் பணம் என்றும் இகழ்வோருக்கு இதைவிடப் பழமையான மறுமொழி கிடைப்பதரிது. ஆண்பிள்ளைகளைக் கொல்ல ஆணையிட்ட அரசின் கருவூலத்திலிருந்தே ஒருவேளை அச்சம்பளம் வந்திருக்கும்.

கூடுகையை எங்ஙனம் அமைப்பது

யோவேல் தீர்க்கதரிசி கூட்டச் சொன்ன சபையில் முதியோரோடு பாலுண்ணும் குழந்தைகளும் பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றனர் (யோவேல் 2:16). குழந்தை வந்தால் தாயும் வந்தாகவேண்டும், அழுகுரலும் வரும். எஸ்றா நியாயப்பிரமாணம் வாசித்த கூட்டமோ கேட்டு அறியத்தக்கவர்களின் கூட்டம் (நெகே. 8:2). இரண்டும் தேவை. நம் மகளிர் கூடுகைகள் அனைத்தும் நெகேமியாவின் கூட்டங்களாகவே நடைபெறுகின்றன. காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடியும் சனிக்கிழமைக் கூட்டத்திற்கு வருபவர் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர். மருமகள் ஷிப்டுக்குப் போயிருப்பாள், அல்லது இரவு ஷிப்டு முடித்து உறங்குவாள். மாமியாரும் பலசமயம் வருவதில்லை. பேரப்பிள்ளை அவரிடம் இருக்கிறது. தொழிற்சாலைப் பெண்ணின் சம்பளத்தைச் சாத்தியமாக்குபவர் அந்தப் பாட்டியே. அவருக்கு ஆற்றல்படுத்தும் அமர்வு எதையும் எவரும் இதுவரை நடத்தியதாகத் தெரியவில்லை.

ஷிப்டு மாறும் நேரத்தை அறிந்து, இருவேறு நாள்களில் ஒருமணி நேரம் கூடினால் போதும். பேச்சாளரைக் குறைத்து, பாட்டுப் போட்டியைக் குறைத்து, ஈ.எஸ்.ஐ. படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவரை அமர்த்தலாம். ஆடவர் ஐக்கிய சங்கம் அந்த ஒருமணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். சமையற்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு மேடையில் அமர்வதைவிட அது கடினமான ஊழியம்.

இவற்றினும் பெரிய வாய்ப்பு ஒன்று சட்டத்திலேயே உள்ளது. 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு, பிள்ளைக் காப்பகத்தைத் தொழிற்சாலை தன் வளாகத்திலேயே நடத்தவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பல நிறுவனங்கள் சேர்ந்தோ, தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்தியோ அக்கடமையை நிறைவேற்றலாம் என்கிறது. தனித்தனியே காப்பகம் வைக்க இயலாத சிறு உதிரிப்பாக ஆலைகள் ஒரகடத்தைச் சுற்றி எத்தனையோ உள்ளன. அங்கன்வாடி பிற்பகலோடு மூடப்படும். பாலுண்ணும் குழந்தையை வைத்துக்கொள்ளவும் அது ஏற்றதன்று. வாரத்தில் ஆறு நாள் பூட்டிக்கிடக்கும் ஆலயக் கூடங்கள் இச்சாலை நெடுகிலும் உள்ளன. மின்விசிறி, தண்ணீர், கழிப்பறை, சுற்றுச்சுவர் ஆகியவை பெரும்பாலானவற்றில் உண்டு. பயிற்சி பெற்ற பெண்கள் இருவர் அல்லது மூவர், பால் காய்ச்ச ஓர் அடுப்பு, தூளி கட்ட வலுவான விட்டம், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தோடு ஓர் ஏற்பாடு, ஆலைகளோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் ஆகியவை புதிதாகத் தேவைப்படும். ஊதியமின்றித் தொண்டாகச் செய்யச் சொல்லி அதையும் பெண்களின் தலையில் ஏற்றலாகாது. பிள்ளை பார்ப்பவருக்குச் சம்பளம் உண்டென யோகெபேத்தின் கதையிலேயே தீர்மானமாகிவிட்டது. காலை 6 மணி ஷிப்டுக்குப் போகும் தாய் 5 மணிக்கே பிள்ளையைக் கொண்டுவருவாள். அந்நேரத்தில் கூடத்தைத் திறக்கச் சாவி யாரிடம் இருக்கும் என்பதைச் சேகரக் குழு முதலில் முடிவு செய்யட்டும்.